மார்புப் புற்றுநோய்: ஒன்று பலவான வரலாறு

நோயொன்றுக்குப் பெயரிடும்போது, அந்நோய் எத்தகையது என்பது பற்றிய ஒரு கொள்கையையும் நாம் நம்மை அறியாமலே ஏற்றுக்கொள்கின்றோம். மார்புப் புற்றுநோய் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். நோய் தோன்றும் இடத்தைக் கொண்டு இடப்பட்ட பெயர் அது. ஓரிடத்தில் தோன்றுவதால் அது ஒரே நோய் என்றும், ஒரே நோயாதலால் அதற்கு ஒரே சிகிச்சை ஏற்றதென்றும் மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. இன்றோ அப்பெயரின் கீழ் இயல்பிலும் போக்கிலும் ஒன்றினின்று ஒன்று வேறுபட்ட பல நோய்கள் அடங்கியுள்ளன என்பது மருத்துவ மாணவர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. ஒன்று எவ்வாறு பலவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மாற்றத்துக்கு நுணுக்குக்காட்டியும் இரசாயனமும் பரம்பரையியலும் துணைநின்றன என்பது உண்மையே. ஆயின், அவற்றை இத்துறையில் ஏவிய வினா ஆய்வுகூடத்தில் எழுந்ததன்று. அது நோயாளியின் வினா. சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண் கேட்கும் முதல் வினா, “இது மீண்டும் வருமா?” என்பதாகும். நோயை ஒன்றெனக் கொண்ட காலத்தில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. அவ்விடையும் பல வேளைகளிற் பொய்த்தது. விடை பொய்த்த ஒவ்வொரு முறையும் கொள்கையில் ஒரு விரிசல் விழுந்தது. அவ்விரிசல்களின் வழியே நோயின் வகைகள் வெளிப்பட்டன. ஆதலின், மார்புப் புற்றுநோய் வகைப்பாட்டின் வரலாறு ஒரு வகையில் நோய் மீளத்தோன்றலின் வரலாறுமாகும்.

1. கரும்பித்தமும் கத்தியும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் கிரேக்க மருத்துவர், உடலிற் கரும்பித்தம் மிகுவதாலேயே புற்றுநோய் உண்டாகின்றது என்றார். அவர் கொள்கைப்படி நோய் உடல் முழுவதற்கும் உரியது. மார்பிற் காணப்படும் கட்டி அதன் வெளிப்பாடு மாத்திரமே. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிய சத்திர சிகிச்சையாளர் லெ திரான் இதனை மறுத்தார். நோய் ஓரிடத்தில் தொடங்கி, நிணநீர் வழியே அக்குளிலுள்ள கணுக்களை அடைந்து, அங்கிருந்தே உடலிற் பரவுகின்றது என்பது அவர் கருத்து. காலத்தோடு அகற்றினால் நோயை வேரோடு களையலாம் என்ற நம்பிக்கை இக்கருத்திலிருந்தே பிறந்தது. 1846இல் ஈதர் மயக்கமருந்தும் 1867இல் லிஸ்ரரின் கிருமியழிப்பு முறையும் வந்தபின் அந்நம்பிக்கையைச் செயற்படுத்தும் வாய்ப்பும் சத்திர சிகிச்சையாளருக்குக் கிட்டியது.

அதனை முடிந்த எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலிருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்ரெட் ஆவார். மார்பு முழுவதையும், அதன் அடியிலுள்ள பெருந்தசையையும், அக்குட் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை அவர் கையாண்டார். 1894இல் அவர் வெளியிட்ட 50 நோயாளரின் விபரத்தில், வெட்டிய இடத்திலேயே நோய் மீண்டு வந்தவர்கள் மூவர் மாத்திரமே. அவர் ஒப்பிட்டுக் காட்டிய ஐரோப்பிய சத்திர சிகிச்சையாளர் பலரிடத்து இவ்விகிதம் பாதிக்கு மேலாக இருந்தது. இவ்வெற்றியின் ஒளியில் ஹால்ஸ்ரெட்டின் முறை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது.

எனினும் அவ்வெற்றி எதனை அளந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. அது வெட்டிய இடத்தில் நோய் மீளாமையை அளந்தது. பெண் உயிர் வாழ்ந்தமையை அளக்கவில்லை. மார்பில் வடு நன்கு ஆறியிருக்க, சில ஆண்டுகளின் பின் முதுகெலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் நோய் தோன்றிப் பலர் இறந்தனர். இதனைக் கண்ட சத்திர சிகிச்சையாளர் கொள்கையை ஐயுறவில்லை. கத்தி போதிய தூரம் செல்லவில்லை என்றே எண்ணினர். 1950களில் விலாவென்பின் பகுதிகளையும் நெஞ்சறையினுள் உள்ள கணுக்களையும் அகற்றுவோரும் தோன்றினர். தோளின் வலிமை குன்றி, கை வீங்கி வாழ்ந்த பெண்களின் துன்பம் தவிர்க்க முடியாத விலையாகவே கொள்ளப்பட்டது.

கொள்கையை ஐயுறுதற்கான சான்று ஹால்ஸ்ரெட்டின் கட்டுரைக்கு ஐந்தாண்டு முன்னரே அச்சேறியிருந்தமை வியப்புக்குரியது. 1889இல் இலண்டன் மருத்துவர் ஸ்ரீவன் பஜெற், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். ஈரலும் மண்ணீரலும் இரண்டுமே இரத்தம் மிகுதியாகப் பாயும் உறுப்புகள். ஆயினும் 241 பேரின் ஈரலில் நோய் பரவியிருக்க, 17 பேரின் மண்ணீரலிலேயே அது காணப்பட்டது. இரத்தம் எங்கெல்லாம் செல்கின்றதோ அங்கெல்லாம் நோய் முளைப்பதில்லை. வித்துக்கு ஏற்ற நிலம் வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். வித்து எத்தகையது என்று கேட்பது அக்காலத்து அறிவுக்கு எட்டாததாயிருந்தமையால், அம்முடிவு நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது.

2. மூன்றிலொருவர்

வித்தின் இயல்பு பற்றிய முதற் குறிப்பு கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. ஜோர்ஜ் பீற்சன் என்னும் சத்திர சிகிச்சையாளர் இளமையிற் பால் சுரத்தலைப் பற்றி ஆராய்ந்தவர். மாட்டின் சூலகங்களை அகற்றினால் அது தொடர்ந்து பால் சுரக்கும் என்று சில நாடுகளின் பண்ணையாளர் அறிந்திருந்ததை அவர் கருத்திற் கொண்டார். சூலகத்துக்கும் மார்புக்கும் நரம்பால் அல்லாத ஏதோ ஒரு தொடர்பு உண்டென அவர் ஊகித்தார். 1895இல், மார்பை அகற்றிய பின்பும் நோய் மீண்ட 33 வயதுப் பெண்ணொருவரின் சூலகங்களை அவர் அகற்றினார். சில மாதங்களிற் கட்டிகள் மறைந்தன. அப்பெண் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, பின் அந்நோயாலேயே இறந்தார். 1896இல் லான்செற் இதழில் இது வெளியாயிற்று. ஓமோன் என்ற சொல்லே அப்போது வழக்கிற்கு வரவில்லை என்பதை நினைவிற் கொள்வோமாயின் பீற்சனின் துணிபு எத்தகையது என்பது விளங்கும்.

பிறரும் இச்சிகிச்சையை மேற்கொண்டனர். 1900இல் ஸ்ரான்லி பொய்ட் அவ்வனுபவங்களைத் தொகுத்தபோது, மூன்றிலொரு பங்கினர் அளவிலேயே பயனடைந்திருந்தனர். ஏனையோர்க்கு அறுவையின் துன்பமே எஞ்சியது. ஒரே நோயாயின், ஒரே சிகிச்சைக்கு ஒருவர் இணங்க இருவர் இணங்காதது ஏன்? இவ்விகிதமே மார்புப் புற்றுநோய் ஒன்றன்று என்பதற்கான முதல் எண்வழிச் சான்று எனலாம். ஆயின் அது சான்றாகக் கொள்ளப்படவில்லை. சிகிச்சையின் குறையாகவே கொள்ளப்பட்டது.

விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் சென்றன. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்னும் இரசாயனவியலாளர், ஈஸ்திரசன் ஓமோனில் கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசனைப் பிணைத்து இளம் பெண்ணெலிகளுக்குச் செலுத்தினார். தசையிற் புகுந்த ஓமோன் விரைவில் நீங்கிற்று. கருப்பையிற் புகுந்ததோ அங்கேயே தங்கிற்று. அதனைப் பற்றிவைத்திருக்கும் ஒரு புரதம் அக்கலங்களில் உண்டு என்பது 1950களின் இறுதியிலும் 1960களிலும் உறுதியாயிற்று. அதுவே ஈஸ்திரசன் வாங்கி. மார்புப் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் இவ்வாங்கி இருந்தது, சிலவற்றில் இல்லை. இல்லாதோரிடத்துச் சூலகத்தையோ அதிரீனல் சுரப்பியையோ அகற்றுதல் பெரும்பாலும் வீண் என்று ஜென்சனும் அவர்தம் துணைவரும் காட்டினர். இருந்தோர் அனைவரும் பயனடைந்தனர் என்பதற்கில்லை. எனினும் அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பயனடைந்தனர். பீற்சனின் மூன்றிலொருவர் யார் என்பது இவ்வாறு தெரியவந்தது.

இவ்வறிவுக்கு ஏற்ற கருவி எதிர்பாராத வகையிற் கிடைத்தது. 1962இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தில் டோரா றிச்சாட்சன் என்னும் இரசாயனவியலாளர் ஆக்கிய ஒரு பொருள், கருத்தடை மருந்தாகும் என எதிர்பார்க்கப்பட்டுத் தோல்வியுற்றது. ரமொக்சிபென் எனப் பெயர்பெற்ற அப்பொருள், மார்புப் புற்றுக்கலத்தில் ஈஸ்திரசன் அமரவேண்டிய இடத்திற் தான் அமர்ந்து அதனைத் தடுத்தது. 1971இல் மான்செஸ்ரர் நகரின் கிறிஸ்ரி வைத்தியசாலையிலிருந்து அதன் முதல் மருத்துவ அறிக்கை வெளிவந்தது. உலகெங்கும் நடந்த சோதனைகளின் முடிவுகளை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட குழுவொன்று ஒன்றுசேர்த்து 1998இல் வெளியிட்டது. வாங்கியுடைய நோயாளர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அம்மாத்திரையை உட்கொண்டபோது நோய் மீளும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாங்கியற்றோரிடத்துக் குறிப்பிடத்தக்க பயன் எதுவுமில்லை. ஒரு பெயரின் கீழ் இரு நோய்கள் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. கத்தியின் தோல்வி கற்பித்தது

இதே காலத்தில் ஹால்ஸ்ரெட்டின் முறையும் சோதனைக்கு உள்ளாயிற்று. பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த பேர்ணாட் பிஷர் 1971இல் ஒரு பெருஞ்சோதனையைத் தொடக்கினார். தசையையும் கணுக்களையும் அகற்றும் பெருஞ்சிகிச்சை ஒரு சாரார்க்கும், மார்பை மாத்திரம் அகற்றும் சிகிச்சை ஏனையோர்க்கும் எழுமாற்று முறையில் அளிக்கப்பட்டன. 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியும் உயிர் வாழ்தலிற் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1976இல் அவர் தொடங்கிய மற்றொரு சோதனை மேலும் ஓரடி சென்றது. கட்டியை மாத்திரம் அகற்றியவர்களுள், கதிர்ச்சிகிச்சை பெறாதோரில் 39 சதவீதத்தினர்க்கும் பெற்றோரில் 14 சதவீதத்தினர்க்கும் 20 ஆண்டுகளுள் அதே மார்பில் நோய் மீண்டது. ஆயினும் மார்பு முழுவதையும் அகற்றியவர்களோடு ஒப்பிடுகையில் இவர்களின் ஆயுள் குறையவில்லை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ற்ரோ வெரொனேசி நடத்திய சோதனையும் இதனையொத்த முடிவையே தந்தது.

இங்கே மீளத்தோன்றல் என்னும் சொல்லே இரண்டாகப் பிளவுபட்டது. மார்பில் மீள்வது ஒன்று. எலும்பிலும் ஈரலிலும் மீள்வது மற்றொன்று. முன்னதைக் கத்தியும் கதிரும் தடுக்கும். பின்னதன் வித்துகளோ, பலரிடத்துக் கத்தி படுவதற்கு முன்னரே உடலிற் சிதறிவிட்டன. ஹால்ஸ்ரெட் முன்னதை வென்று பின்னதையும் வென்றதாக நம்பினார். அக்குட் கணு நோய் பரவும் வாயில் அன்று, நோய் பரவியமைக்குச் சாட்சி என்பது பிஷரின் கருத்து. நோய் உடல் முழுவதற்கும் உரியது என்ற கலெனின் கூற்று, முற்றிலும் வேறான காரணத்தோடு மீண்டும் அரங்கேறிற்று. சத்திர சிகிச்சையின் பின் மருந்து அளித்து நோய் மீள்வதைக் குறைக்கலாம் என 1976இல் மிலானின் ஜியான்னி பொனதொன்னா காட்டியமை இக்கருத்துக்கு வலுவூட்டியது.

இம்மாற்றத்தை மருத்துவர் மாத்திரம் நிகழ்த்தவில்லை. பெண்ணை மயக்கி, கட்டியைச் சோதித்து, புற்றுநோயெனக் கண்டால் அவள் விழிப்பதற்கு முன்பே மார்பை அகற்றிவிடுவது அக்கால அமெரிக்க வழக்கம். தமக்கு நோய் கண்ட 1974ஆம் ஆண்டில் அதனை மறுத்து, பின்னர் எழுத்தாலும் பேச்சாலும் எதிர்த்தவர் றோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டுக் குழுவில் அவர் அங்கம் வகித்தார். சோதனையும் சிகிச்சையும் இரு வேறு படிகளாக நிகழவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. இவ்விடைவெளி பெண்ணின் உரிமையை நிலைநாட்டியதோடு, கட்டியின் இயல்பை ஆராய்ந்து சிகிச்சையைத் தெரிவு செய்வதற்கான காலத்தையும் அளித்தது. அக்காலம் இன்றி வகைப்பாடு வெறும் ஏட்டறிவாகவே நின்றிருக்கும்.

4. வகைகள் தெளிவுபெறல்

வாங்கியற்ற கட்டிகள் அனைத்தும் ஓரினமா என்ற வினா அடுத்து எழுந்தது. 1987இல் கலிபோர்ணியாவின் டெனிஸ் ஸ்லேமனும் பிறரும் 189 கட்டிகளை ஆராய்ந்து, அவற்றுள் 30 சதவீதத்தில் ஹெர்-2 என்னும் பரம்பரையலகு வழக்கத்திற்கு மேற்பட்ட படிகளாகப் பெருகியிருந்தமையைக் கண்டனர். பிற்கால ஆய்வுகள் இவ்விகிதத்தை 15 முதல் 20 வரை எனக் கணித்துள்ளன. கலத்தின் மேற்பரப்பில் வளர்ச்சிக்கான சைகையைக் கடத்தும் புரதமொன்றை இவ்வலகு ஆக்குகின்றது. அலகு பெருகப் புரதமும் பெருகி, கலம் ஓயாது பிரிகின்றது. இத்தகைய கட்டியுடையோர்க்கு நோய் விரைந்து மீண்டது. அப்புரதத்தைத் தாக்கும் ட்ராஸ்ரூஸுமாப் என்னும் பிறபொருளெதிரி 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சத்திர சிகிச்சையின் பின் அதனை அளித்தால் நோய் மீள்வது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்ற முடிவு 2005இல் வெளியாயிற்று. மிகக் கொடியது எனப்பட்ட வகை, சிகிச்சைக்கு நன்கு இணங்கும் வகையாயிற்று. ஒரு வகையின் கொடுமை அதன் இயல்பில் மாத்திரமன்றி, நம் கையிலுள்ள மருந்திலும் தங்கியுள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

2000ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட், ஒஸ்லோ ஆய்வாளர் ஒன்றிணைந்து வேறொரு வழியை மேற்கொண்டனர். சார்ல்ஸ் பெரூ முதலானோர் 42 பேரிடமிருந்து பெற்ற 65 இழைய மாதிரிகளில் 8,102 பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை ஒரே முறையில் அளந்தனர். வகை எதனையும் முன்கூட்டி வகுக்காது, ஒத்தவற்றை ஒத்தவற்றோடு சேருமாறு விட்டனர். ஒரே பெண்ணிடமிருந்து இரு வேளைகளிற் பெற்ற மாதிரிகள், இடையே மருந்துச் சிகிச்சை நிகழ்ந்திருந்தபோதும், பெரும்பாலும் ஒன்றையொன்றே ஒத்திருந்தன. ஒவ்வொரு கட்டிக்கும் தனக்கேயுரிய முகம் இருந்தது. அம்முகங்கள் சில குடும்பங்களாகவும் பிரிந்தன. ஈஸ்திரசன் வாங்கியுடைய லூமினல் வகை, ஹெர்-2 வகை, அடிக்கலத்தை ஒத்த வகை என்பன அவற்றுட் சில. மறுவருடம் வெளியான ஆய்வில் லூமினல் வகை மேலும் பிரிக்கப்பட்டு, அவற்றுள் மெதுவாக வளர்வது ஏ எனவும், விரைந்து பெருகுவது பி எனவும் வழங்கலாயின.

அடிக்கல வகையோடு பெரிதும் ஒன்றுபடும் மும்மை எதிர்மறை வகையின் பெயர் சிந்தனைக்குரியது. ஈஸ்திரசன் வாங்கி இல்லை, புரொஜெஸ்ரரோன் வாங்கி இல்லை, ஹெர்-2 பெருக்கம் இல்லை என்பதே அப்பெயரின் பொருள். இல்லாதவற்றைக் கொண்டு இடப்பட்ட பெயர், நோயின் இயல்பைக் காட்டிலும் நமது கருவிகளின் எல்லையையே உரைக்கின்றது. அதனுள்ளும் பல வகைகள் மறைந்துள்ளன என்பது பின்னர் அறியப்பட்டது. 2021இல் அமெரிக்காவில் தொடக்கநிலை மும்மை எதிர்மறை நோய்க்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதிலிருந்து இல்லை என்பவற்றிடையே உண்டு என்பதும் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

5. மீண்டும் வருமா?

இவ்வகைகள் தெளிந்தபின் பழைய வினாவின் வடிவமே மாறியது. மும்மை எதிர்மறை நோய் மீள்வதாயின் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுள் மீளும். ஐந்தாண்டு கடந்தபின் அதன் அபாயம் வெகுவாகக் குறையும். நுரையீரலும் மூளையும் அது நாடும் இடங்களுட் சில. லூமினல் நோயோ எலும்பை நாடுவது; தொடக்கத்தில் அமைதியானது; ஆனால் நீண்ட நினைவுடையது. ஒக்ஸ்போட் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டு ஓமோன் சிகிச்சை முடித்து நோயற்றிருந்த 62,923 பெண்கள் நோக்கப்பட்டனர். அதன்பின் 20ஆம் ஆண்டுவரை தூர உறுப்புகளில் நோய் மீளும் அபாயம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே சீராகத் தொடர்ந்தது. கட்டி சிறிதாயும் கணுக்கள் தூயனவாயும் இருந்தோர்க்கு அது 13 சதவீதம். கட்டி பெரிதாயும் நான்கு முதல் ஒன்பது கணுக்களில் நோய் இருந்தும் பாதிக்கப்பட்டோர்க்கு 41 சதவீதம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். ஐந்தாண்டு கடந்தால் நோய் நீங்கிற்று என்ற பழைய அளவுகோல் ஒரு வகைக்கு ஓரளவு பொருந்தி, மற்றொரு வகைக்குப் பொருந்தாது போகின்றது என்பது ஒன்று. கட்டியின் பருமனையும் கணுக்களையும் எண்ணிய பழைய மருத்துவர் முற்றாகத் தவறிழைக்கவில்லை என்பது மற்றொன்று. நோயின் வகை அது எவ்வாறு, எப்போது, எங்கு மீளும் என்பதைக் கூற, அதன் பரவல் எவ்வளவு என்பதைக் கூறுகின்றது.

அபாயத்தை அறிதலின் பயன் சிகிச்சையைக் கூட்டுவது மாத்திரமன்று, குறைப்பதுமாகும். 2004இல் சூன்மியுங் பைக் முதலானோர் 21 பரம்பரையலகுகளை அளந்து புள்ளியிடும் முறையொன்றை வெளியிட்டனர். 1980களில் நடந்த ரமொக்சிபென் சோதனையொன்றிற் பங்குகொண்ட 668 பெண்களின், மெழுகிற் பதித்துப் பேணப்பட்ட இழையங்களே அதற்கு ஆதாரமாயின. பரணிற் கிடந்த ஏட்டுச் சுவடி பிற்காலத்தவர்க்குப் பொருள் தந்தது போல, அவ்விழையங்கள் தாம் சேகரிக்கப்பட்ட காலத்திற் கேட்கப்படாத வினாவுக்கு விடையளித்தன. பத்தாண்டுகளில் நோய் தூர உறுப்புகளில் மீளும் அபாயம் குறைந்த புள்ளி பெற்றோரில் ஏறத்தாழ 7 சதவீதமாகவும் உயர்ந்த புள்ளி பெற்றோரில் 30 சதவீதமாகவும் இருந்தது. 2018இல் வெளியான சோதனையொன்று, கணுக்களில் நோய் இல்லாத, இடைப்பட்ட புள்ளியுடைய பெண்களிற் பெரும்பாலோர்க்கு ஓமோன் சிகிச்சையே போதும். கடும் மருந்துச் சிகிச்சை வேண்டியதில்லை எனக் காட்டியது. ஐம்பது வயதுக்கு உட்பட்ட சிலர் இதற்கு விலக்காவர்.

இவ்வெண்கள் யாவும் கூட்டத்தைப் பற்றியன. தனியொருவரைப் பற்றியன அல்ல என்பதை மறத்தலாகாது. நூற்றுவரில் பதின்மூவர்க்கு நோய் மீளும் என்று கூற அறிவியல் வல்லது. அப்பதின்மூவர் யாவர் என்று கூற இன்னும் வல்லதன்று. வகைப்பாட்டின் வரலாறு முழுவதும் இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சியே ஆயினும் இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே ஆதலின் இவ்வரலாறு நமக்கும் உரியது. ஒரு பெண்ணின் நோய் எவ்வகையினது என்பது, வெட்டியெடுத்த இழையம் தாமதமின்றி போமலினில் இடப்படுவதிலும், உரிய நேரம் அதிலிருப்பதிலும், வாங்கிச் சோதனை செம்மையாக நிகழ்வதிலும் தங்கியுள்ளது. இழையம் கெட்டால், இருக்கும் வாங்கி இல்லாததாகத் தோன்றலாம். மலிவான மாத்திரையொன்றாற் காக்கப்படவேண்டியவர் அதனை இழக்கலாம். ட்ராஸ்ரூஸுமாப் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எனினும் பட்டியலில் இருப்பதும் நோயாளியின் கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல. பரம்பரையலகுச் சோதனைகளின் விலையோ பல நாடுகளின் பொது வைத்தியசாலைகளுக்கு எட்டாதது. ஒரு நோய் பல நோய்களாகியது அறிவின் வெற்றி. அவ்வறிவு, சோதனை கிடைத்தவர் கிடைக்காதவர் என நோயாளரை இரு கூறாக்குமாயின் அவ்வெற்றி குறையுடையதே.

ஹால்ஸ்ரெட் அறிவிற் குறைந்தவரல்லர், நேர்மையிற் குறைந்தவருமல்லர். அவர் அளந்தது சரியாகவே இருந்தது, அளக்கவேண்டியது அதுவன்று. வெட்டிய இடத்தில் நோய் மீண்டதா என்று மருத்துவர் கேட்டார். நான் வாழ்வேனா என்று பெண் கேட்டாள். அவ்விரு வினாக்களும் ஒன்றல்ல என்பதை உணர மருத்துவத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. நோயின் வகைகளை இனி வகுக்கப்போகின்றவர்களும் அப்பெண்ணின் வினாவையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.